முதல் நாளே வக்கீல் வேண்டும்!

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்று நம் ஊரில் சொல்வார்கள். அப்படி அம்பலம் ஏறாத சொல்லை ஏற்றி வைப்பதற்கென்றே ஒரு வக்கீலை, சர்க்கார் தன் செலவில் அமர்த்தித் தர வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம். சலுகையல்ல, தர்மமல்ல, யாருடைய சிபாரிசுமல்ல, சட்டம். ஆனால் இப்படியொரு சட்டம் இருப்பது தெரியாமலேயே நம்மவர்கள் சிறைக்குப் போகிறார்கள். தாலியை அடகு வைக்கிறார்கள். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு, "தொல்லை விட்டது" என்று வீடு திரும்புகிறார்கள். ஆகவே இந்த மாதத் தலையங்கம் முழுவதையும் இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கோர்ட்டுக்குள் ஒரு நாள் நின்று பாருங்கள். மேடையில் இருக்கும் மாஜிஸ்திரேட்டுக்குச் சம்பளம் சர்க்கார் தருகிறது. கீழே கட்டுகளைப் புரட்டும் குமாஸ்தாவுக்கும், குற்றப்பத்திரிகை எழுதிய இன்ஸ்பெக்டருக்கும், கூண்டருகே நிற்கும் காவலருக்கும், "இவனைத் தண்டிக்க வேண்டும்" என்று வாதாடும் சர்க்கார் வக்கீலுக்கும் அதே கஜானாதான். அத்தனை பேருக்கும் எதிரே, கையில் காசும் வாயில் பாஷையும் இல்லாமல், ஒருவன் தனியாக நிற்கிறான். அவன் வாங்கும் தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் கட்டிய வரியும் அதே கஜானாவில்தான் விழுந்திருக்கிறது. அவன் பக்கத்துக்கு மட்டும் அதிலிருந்து ஒரு வக்கீலைத் தரக்கூடாதா? கேள்வி இவ்வளவுதான்.

சட்டம் வந்த வழி

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க நாட்டுக்கு வெகுகாலம் பிடித்தது. அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, கைதானவர் தமக்கு விருப்பமான வக்கீலைக் கலந்துகொள்ளலாம் என்றது. விருப்பம் சரி, பீஸ் யார் கொடுப்பது? 1951-இல் உச்சநீதிமன்றம், வக்கீல் வைத்துக்கொள்ள வாய்ப்புத் தருவதுதான் கோர்ட்டின் கடமை, கைதி கேட்க வேண்டும் என்ற நிலையில் நின்றது. கேட்கத் தெரியாதவன் கெட்டான். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 304-ஆம் பிரிவு, வசதியற்றவருக்கு சர்க்கார் செலவில் வக்கீல் என்றது. அதுவும் முதன்மையாக செஷன்ஸ் கோர்ட்டுக்குத்தான். சின்ன கோர்ட்டில்தானே ஏழையின் பெரும்பாலான வழக்குகள் நடக்கின்றன!

1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தில் ஜனநாயகவாதிகள் எதிர்த்தவை ஏராளம். ஆனால் அதில்தான் 39ஏ என்ற பிரிவும் பிறந்தது: பணம் இல்லை என்ற காரணத்தால் எந்தக் குடிமகனுக்கும் நீதி மறுக்கப்படாதவாறு அரசு இலவசச் சட்ட உதவி தர வேண்டும். வழிகாட்டும் கொள்கை என்ற தலைப்பில் இருந்ததால் அது வெறும் ஏட்டுச் சுரைக்காயாகவே போயிருக்கும். அதைக் கறிக்கு உதவச் செய்தவர்கள் நீதிபதிகள் வி. ஆர். கிருஷ்ணய்யரும் பி. என். பகவதியும்.

1978-இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்று உச்சநீதிமன்றத்துக்குப் போனது. உயர்நீதிமன்றம் 1973-இல் தண்டித்தவர், தீர்ப்பின் நகல் தமக்கு ஆண்டுகள் கழித்தே கிடைத்தது என்று முறையிட்டார். அவருடைய மனு தள்ளுபடியானது. ஆனால் தீர்ப்பு எழுதிய கிருஷ்ணய்யர், கைதிக்குத் தீர்ப்பு நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும், அப்பீல் செய்ய வக்கீலும் கிடைக்க வேண்டும் என்று விதித்தார். 1979-இல் பீகார் சிறைகளின் அவலம் பத்திரிகையில் வெளிவந்தது. தண்டனை கொடுத்திருந்தால்கூட விடுதலையாகி இருக்கக்கூடிய காலத்தையும் தாண்டி, விசாரணையே இல்லாமல் அடைபட்டுக் கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். பத்திரிகைச் செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்சநீதிமன்றம் போனார். அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. வக்கீல் இல்லாமல் நடக்கும் விசாரணை நியாயமான விசாரணை ஆகாது என்று பகவதி தீர்ப்பளித்தார்.

1981-இல் பாகல்பூரில் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய வழக்கு. அதில் இரண்டு விஷயங்கள் தீர்ந்தன. மாஜிஸ்திரேட் முன் முதன்முதலாக நிறுத்தப்படும் அந்த நாளிலேயே வக்கீல் பெறும் உரிமை தொடங்குகிறது. "கஜானாவில் பணம் இல்லை" என்று அரசு கைவிரிக்க முடியாது. 1986-இல் அருணாசலப் பிரதேச வழக்கில் மூன்றாவது விஷயமும் தீர்ந்தது: கைதி கேட்கவில்லை என்று கோர்ட் சும்மா இருக்கக்கூடாது, உரிமை உண்டு என்று கோர்ட்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விசாரித்துக் கொடுத்த தண்டனை ரத்தானது. 1951-க்கும் 1986-க்கும் இடையே எவ்வளவு தூரம்!

நமது மாநகருக்கும் இதில் பங்கு உண்டு. பம்பாய் லாக்கப்புகளில் பெண் கைதிகள் படும் பாட்டை ஒரு பெண் பத்திரிகையாளர் கடிதமாக எழுத, அதையே மனுவாக ஏற்று 1983-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. யாரைக் கைது செய்தாலும் போலீஸார் உடனே சட்ட உதவிக் குழுவுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்கும் தகவல் தர வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு 1987-இல் நாடாளுமன்றம் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தை நிறைவேற்றியது. அது அமலுக்கு வந்ததோ 1995 நவம்பர் 9-இல். எட்டாண்டு தாமதம்! ரயில்வேக்காரர்களாகிய நாமே இப்படியொரு லேட் வண்டியைப் பார்த்ததில்லை. ஆனால் வண்டி வந்து சேர்ந்துவிட்டது. இந்தச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு மாநிலம் குறித்திருக்கும் வருமான வரம்பு. கோர்ட் கட்டணம், நகல் செலவு, மேல்முறையீட்டுக்கு வேண்டிய மொழிபெயர்ப்புச் செலவு எல்லாம் இதில் அடங்கும். கிரிமினல் வழக்கு மட்டுமல்ல. கூலி பாக்கி, ஜீவனாம்சம், வீட்டு வழக்கு எல்லாவற்றுக்கும் கேட்கலாம்.

"சர்க்கார் வக்கீல் வேண்டாம்"

சட்டம் இப்படி இருக்க, நடப்பது என்ன? 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். அதில் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள். நூறு பேரில் எழுபத்தைந்துக்கு மேற்பட்டோர் குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாதவர்கள். மத்திய சர்க்காரே வெளியிட்ட கணக்கு இது.

காரணங்களில் ஒன்று நம்மிடமே இருக்கிறது. "சர்க்கார் செலவில் வக்கீல் வரும்" என்று சொன்னால் நம்மவர் பயப்படுகிறார். ஏனென்றால் 'சர்க்கார் வக்கீல்' என்றால் எதிர்த்தரப்பில் நிற்கும் பிராசிக்யூட்டர் என்றே நமக்குப் பழக்கம். "போலீஸுக்குச் சம்பளம் கொடுப்பவனே எனக்கும் வக்கீல் கொடுத்தால் அவன் யாருக்குப் பேசுவான்?" என்று கேட்கிறார். இருவரும் வேறு வேறு ஆட்கள். சட்ட உதவி வக்கீல் கைதியின் வக்கீல். கைதி சொல்லும் ரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர். கைதியிடமோ குடும்பத்தாரிடமோ ஒரு பைசா வாங்கக்கூடாது. வாங்கினால் புகார் செய்யலாம். ஒழுங்காக வேலை செய்யவில்லையென்றால் மாற்றித் தரும்படி கேட்கலாம்.

"ஓசி வக்கீல் ஓசி மாதிரிதானே இருப்பான்" என்ற பேச்சும் உண்டு. இதை முழுப் பொய் என்று தள்ளிவிட நாம் தயாரில்லை. கட்டைப் புரட்டிப் பார்க்காமல் வந்து நிற்பவரையும், வாய்தா வாங்குவதோடு கடமை முடிந்தது என்று போகிறவரையும் நாம் பார்த்திருக்கிறோம். கொடுக்கும் பீஸ் சொற்பம், அதுவும் காலதாமதமாக வந்தால், திறமையுள்ளவர் ஏன் வருவார்? 2022 முதல் பல மாவட்டங்களில் முழுநேரச் சம்பளத்தில் கைதிகள் தரப்பு வக்கீல்களை நியமிக்கும் ஏற்பாடு நடக்கிறது. பிராசிக்யூட்டருக்கு ஒரு அலுவலகம் இருப்பது போல் கைதி தரப்புக்கும் ஒரு அலுவலகம். இது சரியான பாதை. இதை நிரந்தரமாக்கி, போதிய ஆளும் சம்பளமும் கொடுக்க வேண்டும். வக்கீல் வந்தார் என்று ரிஜிஸ்தரில் கையெழுத்து விழுந்தால் போதாது; அவர் கைதியோடு பேசினாரா என்பதே கேள்வி.

இதைவிடப் பெரிய குறை, வக்கீல் வரும் நேரம். குற்றப்பத்திரிகை வந்து, வழக்கு கூப்பிட்ட பிறகு, "உனக்கு வக்கீல் இருக்கிறாரா?" என்று கேட்கிறார்கள். அதற்குள் ரிமாண்ட் பலமுறை நீண்டிருக்கும், வேலை போயிருக்கும். ரயில் புறப்பட்ட பிறகு பிளாட்பாரத்தில் நிற்பவன் கையில் டிக்கெட் கொடுப்பது போன்றது இது.

சிறு வழக்குகளில் இதுவும் இல்லை. தண்டவாளம் கடந்தவர், டிக்கெட் இல்லாமல் வந்தவர், அனுமதியின்றிக் கூடை வியாபாரம் செய்தவர் ஆகியோரை வரிசையாக நிறுத்துகிறார்கள். "குன்ஹா கபூல் ஆஹே கா?" என்று மராத்தியில் கேள்வி. நேற்று ஊரிலிருந்து வந்து இறங்கிய பையனுக்கு அது குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்ற கேள்வி என்று எப்படித் தெரியும்? மற்றவர்கள் தலையாட்டுவதைப் பார்த்து இவனும் ஆட்டுகிறான். அபராதம் கட்டப் பணம் இல்லாவிட்டால் ஜெயில். பெயருக்கு நேரே ஒரு குற்றப்பதிவு. ஒரு நிமிஷத்தில் முடிந்த வழக்கின் பதிவு, பிறகு வேலைக்கு மனுப் போடும்போது குறுக்கே வந்து நிற்கிறது.

பிழைக்க வந்தவனின் இரட்டைச் சுமை

உள்ளூர் ஏழைக்கும் நமக்கும் இங்கேதான் வித்தியாசம். உள்ளூர் ஏழைக்குக் காசு இல்லை. பிழைக்க வந்த ஏழைக்குக் காசும் இல்லை, பாஷையும் இல்லை, ஜாமீன் நிற்க ஆளும் இல்லை. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் மான்குர்டிலும் இரண்டு தலைமுறையாக இருப்பவர்களுக்கு மராத்தி தண்ணீர்பட்ட பாடு. ஆனால் திருநெல்வேலியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் இட்லிக் கடைக்கும் கட்டட வேலைக்கும் வந்து சேர்பவர்கள் இன்றைக்கும் உண்டு. அவர்களுக்கு வக்கீலைக் கொடுத்தாலும், அந்த வக்கீலிடம் பேச இன்னொரு வாய் வேண்டும்.

சட்டம் இதையும் பார்க்காமல் இல்லை. சாட்சி சொல்லும் பாஷை கைதிக்குத் தெரியாவிட்டால், அவருக்குப் புரியும் பாஷையில் திறந்த கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது நடைமுறைச் சட்டத்தின் பழைய விதி; 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. 2025 நவம்பரில் இதே மும்பை வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம், கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் பாஷையில் எழுத்து மூலமாகத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அப்படியானால் தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட தாளைக் கொடுத்துக் கைநாட்டு வாங்குவது செல்லாது. இது நம் வாசகர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

ஜாமீன் விஷயத்துக்கு வருவோம். கோர்ட் ஜாமீன் கொடுத்துவிடுகிறது. ஆனால் உள்ளூரில் சொத்தோ, உத்தியோகமோ உள்ள ஜாமீன்தாரர் வேண்டும் என்கிறது. ஊரில் அண்ணன் இருக்கிறான், இரண்டு ஏக்கர் நிலமும் இருக்கிறது, பயன் இல்லை. கோர்ட் வாசலில் தரகர் வருகிறார். வாடகைக்கு ஜாமீன்தாரர் பிடித்துத் தருகிறேன் என்கிறார். வட்டிக்கு வாங்கி அவருக்கு அழ வேண்டும். இல்லையேல் உள்ளேயே கிடக்க வேண்டும்.

1978-இல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு இதே கதி நேர்ந்தது. உச்சநீதிமன்றம் ஜாமீன் கொடுத்தும், கீழ்க்கோர்ட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. அவருடைய தம்பியோ அண்ணனோ வந்து நின்றபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தது. மோதிராம் வழக்கு என்று அதற்குப் பெயர். கிருஷ்ணய்யர் வெகுண்டார். பத்தாயிரத்தை ஆயிரமாக்கி, அவருடைய சொந்தப் பத்திரத்திலேயே விடச் சொன்னார். அத்தோடு நம்மைப் பற்றியும் கேட்டார். ஒரு தமிழனோ மலையாளியோ கன்னடனோ ஆந்திரனோ பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால், அந்தத் தூர தேசத்தில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று தீர்ப்பிலேயே எழுதினார். எந்த மாநில பாஷையில் எழுதிய வக்காலத்தும், குறுக்கே சட்டம் இல்லாத வரை, நாடு முழுவதும் ஏற்கப்பட வேண்டும் என்ற கருத்தையும் சொன்னார். பிழைக்கப் போன தமிழனின் வேதனையை உச்சநீதிமன்றத் தீர்ப்பில் பதித்த அந்த வரிகளை நாம் மறக்கலாகாது.

ஆனால் கீழே என்ன நடந்தது? நாற்பத்தைந்து ஆண்டு கழித்து, 2023 ஜனவரியில், அதே உச்சநீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது: உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பதால் விடுதலை தாமதமாகிறது, அந்த நிபந்தனையைக் கோர்ட்டுகள் தவிர்க்கலாம். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் வெளிவராவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிக் கோர்ட் தானாகவே ஆராயலாம். மேலே இருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கீழே வந்து சேரவில்லை. கீழே நின்று கேட்க ஆள் இல்லாததுதான் காரணம்.

ஆள் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1981 ஜூலையில் இந்த மாநகரில் குடிசைகளை இடித்தபோது, சேலத்திலிருந்து 1961-இல் பிழைக்க வந்த நிலமற்ற தொழிலாளி ஒருவரைக் குடும்பத்தோடு பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அவர் வேலை தேடித் திரும்பி வந்தார். வக்கீல்களும் பொதுநலவாதிகளும் துணை நிற்க, மற்றவர்களோடு சேர்ந்து உச்சநீதிமன்றத்தில் மனுதாரரானார். நடைபாதைவாசிகள் வழக்கு என்று புகழ்பெற்ற வழக்கு அது. இடிப்பதை அடியோடு தடுக்க முடியவில்லை. ஆனால் உயிர்வாழும் உரிமையில் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும் என்ற 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதில்தான் பிறந்தது. ஒரு சேலத்துக் கூலியின் சொல் எந்த அம்பலம் வரை ஏறியிருக்கிறது பாருங்கள்!

"திருடனுக்கு ஏன் என் வரிப்பணம்?"

இப்படிக் கேட்பவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். திருடனா இல்லையா என்று தீர்மானிக்கத்தானே கோர்ட்? முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால் கோர்ட்டே எதற்கு? 2008-இல் இந்த மாநகரில் 166 பேர் உயிரைப் பறித்த தாக்குதலில் பிடிபட்டவனுக்கே சர்க்கார் செலவில் வக்கீல் கொடுத்துத்தான் விசாரித்தார்கள். அதனால்தான் தீர்ப்பு உலகத்தின் முன் நிமிர்ந்து நின்றது. முதல் நாளிலேயே வக்கீல் உரிமையைக் கைதிக்குச் சொல்வது மாஜிஸ்திரேட்டுகள் அனைவரின் கடமை, தவறினால் துறை நடவடிக்கை என்று 2012-இல் உச்சநீதிமன்றம் அழுத்திச் சொன்னதும் அந்த வழக்கில்தான். அவனுக்குக் கிடைத்த நியாய முறை, செல்போன் திருடினான் என்ற சந்தேகத்தில் பிடிபட்ட கட்டடத் தொழிலாளிக்குக் கிடைக்காது என்றால், அது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் வன அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்ட வழக்கில், தமிழ்நாட்டு மலைக்கிராமங்களின் கூலித் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் ஆந்திரச் சிறைகளில் அடைக்கப்பட்டார்கள். 2016-இல் கோர்ட் அவர்களை விடுதலை செய்தது. இழந்த ஆண்டுகளை யார் கொடுப்பது? அன்று நாம் கொதித்தோம், நியாயம். அதே கொதிப்பு, திருப்பூரிலும் கோவையிலும் ஒரு பீகார்க்காரரோ ஒடியாக்காரரோ பாஷை தெரியாமல் கூண்டில் நிற்கும்போதும் நமக்கு வர வேண்டும். இங்கே தமிழில் மொழிபெயர்ப்பாளர் கேட்கும் நாம், அங்கே இந்தியிலும் ஒடியாவிலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசிடம் கேட்கத் தயங்கினால், நம் கோரிக்கைக்கு மதிப்பு இல்லை.

நாம் கேட்பவை, நாம் செய்ய வேண்டியவை

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களுக்கு நமது சங்கம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. ரிமாண்ட் கோர்ட் ஒவ்வொன்றிலும், சிறு வழக்குக் கோர்ட்டுகள் உட்பட, கோர்ட் கூடும் நேரம் முழுவதும் ஒரு சட்ட உதவி வக்கீல் இருக்க வேண்டும். முதல் நாளே வேண்டும்.

2. தமிழ் உள்ளிட்ட பிற மாநில பாஷை தெரிந்த வக்கீல்கள், மொழிபெயர்ப்பாளர்கள் பட்டியல் ஒன்று கோர்ட்டிலும் காவல் நிலையத்திலும் சிறையிலும் தொங்க வேண்டும்.

3. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் அடைபட்டிருப்போர் கணக்கை மாதாமாதம் எடுத்து, நிபந்தனையைத் தளர்த்த ஆணைக்குழுவே மனுச் செய்ய வேண்டும்.

4. சட்ட உதவி வக்கீல்களின் பீஸைக் கௌரவமாக உயர்த்தி, காலத்தில் கொடுக்க வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் கை கட்டி உட்காரும் சங்கமல்ல நம்முடையது. ஆணைக்குழுக்கள் பொதுமக்களிலிருந்து சட்டத் தன்னார்வலர்களைச் சேர்க்கின்றன. வக்கீல் படிப்பு தேவையில்லை. மராத்தி, இந்தி, தமிழ் மூன்றும் பேசும் நம் இளைஞர்களும் பெண்களும் இதற்கு மனுச் செய்ய வேண்டும். ஓய்வு பெற்ற நம் ரயில்வே, மில், தபால் தோழர்களுக்கும் இது பொருத்தமான தொண்டு. இப்போதைக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு நம்பர்: 15100. சட்ட உதவிக்கான இலவச டெலிபோன் நம்பர் அது. எந்த ஊரிலிருந்தும் அழைக்கலாம். ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டால், தரகரைத் தேடி ஓடும் முன் அந்த நம்பருக்கும் சங்கத்துக்கும் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும் என்பதால், அந்த ஒரு நாள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

வரும் பொதுக்குழுவில், கிளைக்கு இருவர் வீதம் கோர்ட் ஊழியர் பட்டியல் தயாரிக்க இருக்கிறோம். வாரத்தில் ஒரு நாள், காலை பதினொரு மணிக்குக் கோர்ட்டில் போய் நின்று, "இவருக்கு வக்கீல் இருக்கிறாரா? இவருக்குப் பாஷை புரிகிறதா?" என்று கேட்பதுதான் வேலை. ஷிப்டு மாற்றிக்கொள்ளத் தயாராக இருப்பவர்கள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். நூறு தீர்மானங்கள் போடுவதைவிட, கூண்டில் நிற்கும் ஒருவன் காதில் அவன் பாஷையில் "பயப்படாதே தம்பி, உனக்கு வக்கீல் உண்டு" என்று சொல்வது மேல்.